செந்தூரம் போன வழி

போன வாரம் அருஞ்சுனை அண்ணாச்சியை மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் பாளையம்பட்டிக்குத் திரும்பினார்கள் வீட்டார். கை நடுக்கம், கால் வீக்கம், பல் தேய்த்தால் ரத்தம் என்று போன மனிதர் அவர். மூட்டுவலிக்கென்று தேனில் குழைத்துத் தின்றுவந்த சிவப்புச் செந்தூரத்தில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று டாக்டர் முருகலட்சுமி சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஒருத்தர் கவலைதான். ஆனால் மருமகள் தங்கச்செல்வியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையை அந்த அம்மா உற்றுப் பார்த்தார். பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அப்புறம் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்.

அந்த உள்ளங்கையைத்தான் வீடே கொண்டாடிக்கொண்டிருந்தது. மருதாணி வைத்த மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். "மகாலட்சுமி கை" என்று பெயர் வைத்து, பலசரக்குக் கடையில் காலைப் போணியை அந்தக் கையால்தான் வாங்குவார் அருஞ்சுனை. விரல் நுனியில் தோல் உரிவதை, பிள்ளை தூக்கமில்லாமல் சிணுங்குவதை, தலையணை நனைய வேர்ப்பதை எல்லாம் பல் முளைக்கிற கோளாறு என்று ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் எந்தக் கோளாறையும் பல் மேல் போட்டுவிடுவது நம் ஆட்களுக்கு வழக்கம்தானே.

இன்று விடிந்ததும் தங்கச்செல்வி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். சன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனது. உள்ளே பிள்ளை கிருஷ்ணப்ரியா டின் பால் பாட்டிலைத் தட்டிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை பசியில் கத்த, தாய்ப்பாலைப் பிழிந்து கொட்டுகிற கொடுமை எந்த எதிரிக்கும் வேண்டாம்.

பின்வாசலுக்குப் போய் முருங்கை மரத்து மூட்டில், வேர் ஓரமாகப் பாலை ஊற்றினாள்.

"ஆள் மிதிக்கிற எடத்துல ஊத்திராத தாயி" என்றாள் மாமியார் கஸ்தூரி, துவைகல் பக்கத்தில் நின்றபடி.

"எங்க ஊத்தணும்னு எனக்குத் தெரியும், அத்தை."

"டாக்டரம்மா பாலை நிறுத்தச் சொல்லலையே. ரிசல்ட்டு வரட்டும்னுதான சொன்னாக."

"வெசம்னு தெரிஞ்சு நான் எப்படிக் குடுப்பேன்?"

கஸ்தூரி துணியை எடுத்து அடித்துத் துவைத்தாள். வழக்கத்தைவிடப் பலமாகவே அடித்தாள்.

அந்த இருவருக்கும் நடுவில் ஒரு வாரமாகப் புகைந்துகொண்டிருந்தது பிரசவ லேகியம். பிள்ளை பெற்று வந்தபோது கஸ்தூரி தன் கையால் கிண்டிக் கொடுத்த லேகியம். மாமனாருக்கு அந்தச் செந்தூரம் தின்றபின் மூட்டு வலி குறைந்து, மாடிப்படி ஏறி இறங்கிய காலம் அது. "ஒனக்கும் ஒரு சிட்டிகை போட்டா இடுப்பு வலியெல்லாம் ஓடிப்போகும்" என்று கஸ்தூரி அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னாளே தவிர, போட்டாளா இல்லையா என்று தங்கச்செல்வி கேட்டுக்கொள்ளவில்லை. ருசியாக இருந்தது, வழித்துத் தின்றாள். இப்போது அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. தான் தின்ற லேகியம், தன் ரத்தம், தன் பால், தன் பிள்ளை. கணக்கு நேராக ஓடுகிறது. மாமியார் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

தங்கச்செல்வியின் கணவன் ராம்குமார் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "போன்லயே சொல்லிரலாம்லங்க" என்றான். பிறகு "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் தங்கச்செல்வி.

"ரிசல்ட்டு வந்திருச்சாம். பிள்ளையையும் ஒன்னையும் கூட்டிட்டு நேர்ல வரச் சொல்றாக."

"நல்ல சேதின்னா போன்ல சொல்லியிருப்பாக, என்னங்க."

அவன் கார் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

கடைக் கதவு இன்றைக்குத் திறக்கவில்லை. கூப்பிடாமலேயே கஸ்தூரி வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. அதில் பிள்ளைக்கு மாற்றுத் துணியும், கணவருக்குக் கஞ்சித் தூக்கும் இருந்தன.

நாலுவழிச் சாலையில் வண்டி ஏறியது. இரண்டு பக்கமும் கருவேல முள்ளும் உழுது போட்ட கரிசலும்தான். மழை இன்னும் இறங்கவில்லை. பிள்ளை வெயில் பட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் தாயின் தோளில் புதைத்தது. முன்பெல்லாம் சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக் கை தட்டுகிற பிள்ளை.

தங்கச்செல்வியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அத்தை, ஒரே ஒரு கேள்வி. லேகியத்துல அதைப் போட்டீகளா, இல்லையா?"

"போடலைன்னு சொன்னா நீ நம்பவா போற."

"நெறம் செவப்பா இருந்துச்சே."

"கருப்பட்டி பாகு முத்திருச்சு. அந்த நெறம்."

"போடுறேன்னு நீங்கதான சொன்னீக."

"சொன்னேன். சொன்னதெல்லாம் செய்யிறவளா இருந்தா நான் எங்கயோ இருந்திருப்பேன்" என்றாள் கஸ்தூரி. "ஒங்க மாமா எடுத்துக் குடுக்கல. அவுக மருந்தை அவுகளே பூட்டி வச்சிருந்தாக. பச்ச ஒடம்புக்காரிக்கு அது சூடுன்னு சொல்லிட்டாக."

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க" என்றான் ராம்குமார். "நான் வண்டி ஓட்டணும்ல."

காரியாபட்டி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, பிள்ளைக்கு நாப்கின் மாற்றினார்கள். பாட்டிலை நீட்டினார்கள். பிள்ளை நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் துப்பியது.

டாக்டர் முருகலட்சுமி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று தங்கச்செல்விக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் உட்காரச் சொன்னார். பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பாதமும் சிவந்து உரிந்துகொண்டிருந்தது.

"முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க" என்றார். "பாதரசம் உள்ள போனா சோறு மாதிரி செரிச்சுக் கரைஞ்சிடாது. கொஞ்சம் மலத்தோட போயிடும். ரத்தத்துல ஏறினது சிறுநீரகத்துல போய் உக்காந்துக்கும். அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர்ல இறங்கணும். பெரிய ஆளுக்கே பாதி போறதுக்கு ரெண்டு மாசம் பிடிக்கும். அதுக்குள்ள தினமும் புதுசா உள்ள போய்க்கிட்டே இருந்தா, போறதைவிட வர்றது ஜாஸ்தியாயிடும். உங்க மாமாவுக்கு நடந்தது அதுதான். செந்தூரத்தைக் கொடுத்த ஆள்கூடச் சில நாளைக்குன்னுதான் கொடுத்திருக்கான். இவர் நல்லா இருக்குன்னு வருஷக்கணக்கா வாங்கித் தின்னிருக்கார். முறையாப் படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போயிருந்தா, அவரே நிறுத்தியிருப்பார்."

"பால்லயும் போகுமா?" என்றாள் தங்கச்செல்வி.

"போகும். கொஞ்சம் போகும். அதனாலதான் உங்களையும் பார்த்தோம்." டாக்டர் ஒரு தாளைத் திருப்பினார். "உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். உங்க பால் சுத்தமான பால்."

தங்கச்செல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் முருங்கை மூட்டில் கொட்டிய பால் அத்தனையும் கண் முன்னால் வந்தது. அழுகை வந்தது. அழுகை முழுசாக வருவதற்கு முன்னால் டாக்டர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"ஆனா குழந்தைக்கு இருக்கு."

"எவ்வளவுங்க?" என்றான் ராம்குமார்.

"இந்த வயசுல இருக்கவே கூடாத அளவு. கை சிவப்பு, தோல் உரியிறது, வேர்வை, வெளிச்சம் பார்த்தா கூசுறது, எல்லாமே அதனாலதான்."

"எப்படிங்க? பால் வழியா போகலைன்னா?"

"நேரா வாய் வழியா போயிருக்கு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ரொம்ப நாளா. யாராவது கொடுத்திருக்கணும். இல்ல, எதையாவது எடுத்து நக்கியிருக்கணும்."

"மருந்து டப்பா அப்பா பெட்டிக்குள்ள பூட்டித்தான் இருக்கும்" என்றான் ராம்குமார். "தவழ்ற பிள்ளை அதை எப்படி எடுக்கும்?"

யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார்கள். ஆனால் மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் கஸ்தூரியைப் பார்த்துவிட்டார்கள். அவள்தான் பகலெல்லாம் பிள்ளையை வைத்திருக்கிறவள்.

கஸ்தூரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "ஒங்கப்பாவுக்குக் கஞ்சி ஆறுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் அழுதிருந்தால் தங்கச்செல்விக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அருஞ்சுனையின் அறை கீழ்த்தளத்தில். கட்டிலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கேன். ஒரு பகல் ஒரு ராத்திரி இறங்குகிற சிறுநீர் முழுவதையும் அதில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ரசம் வெளியே வருகிறது என்று அதில்தான் பார்ப்பார்களாம். மருமகள் வருகிற சத்தம் கேட்டதும் மனிதர் துண்டை எடுத்து அந்தக் கேன் மேல் போட்டு மூடினார். மேல்சட்டை இல்லாமல் மருமகள் முன்னால் நின்றறியாதவர். கை நடுங்கியதில் துண்டு பாதி மூடியது, பாதி மூடவில்லை.

"பாப்பாவக் கொண்டாந்தீகளா?" என்றார். வந்த விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கஸ்தூரி கஞ்சித் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

ராம்குமார் பிள்ளையை வாங்கிக் கட்டிலில் விட்டான். விடிந்ததிலிருந்து சிணுங்கிக்கொண்டே இருந்த பிள்ளை, தாத்தாவைக் கண்டதும் சிணுங்கலை நிறுத்தியது. தவழ்ந்து அவர் மடியில் ஏறியது. நடுங்குகிற அவர் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தது. ஆள்காட்டி விரலைத் தேடி எடுத்தது. எடுத்துவிட்டு, குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்து நாக்கை நீட்டியது.

விரல் வாய்க்கு வரவில்லை என்றதும் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது. இன்னும் பெரிதாகத் திறந்தது.

ராம்குமார் சிரித்தான். "தாத்தாவ எப்படித் தேடியிருக்கா பாருங்க" என்றான். அவனுக்குப் புரியவில்லை. தங்கச்செல்விக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, காலையில அவளுக்கு என்ன குடுப்பீக?"

"நான் என்னத்தக் குடுத்தேன்? ஒண்ணும் குடுக்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தன் விரலைப் பார்த்தார். கையை உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா" என்றான் ராம்குமார்.

"கிண்ணத்துல ஒட்டியிருக்க தேனுப்பா. நான் தின்னது போக ஓரத்துல ஒட்டியிருக்குமே, அதை வழிச்சு... அவ நாக்குல தடவுவேன். வீணாப் போகுமேன்னு. எலும்பு உறுதிப்படட்டும்னு."

"தெனமுமா?"

"விடிஞ்சதும் எம் மடிக்குத்தான வருவா. எல்லாரும் அந்நேரம் வேலையா இருப்பீக."

இதில் யாரை என்ன சொல்ல? மூட்டையில் வெல்லம் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துத் தன் காபியில் போட்டுக்கொள்கிறவர் அருஞ்சுனை. தராசுத் தட்டில் தங்கிய ஏலக்காய்த் தூளைக் கூட ஊதிவிட மாட்டார். பொருள் வீணாகக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சாமி. அதோடு பேத்தி மேல் உயிர். இரண்டும் சேர்ந்து அந்த ஒரு விரலில் ஏறிக்கொண்டன. ஊரில் இருக்கிற நஞ்செல்லாம் பகையில்தான் வரும் என்று யார் சொன்னது?

தங்கச்செல்வி பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியேறினாள். கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியிருந்தது. இனி அந்த மனுஷரை மாமா என்று கூப்பிடுவதில்லை என்று நடக்கும்போதே முடிவு செய்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கஸ்தூரி.

தங்கச்செல்வி நின்றாள். "அத்தை, நான் ஒங்கள..."

"அதெல்லாம் பெறகு பேசிக்கிடுவோம்" என்றாள் கஸ்தூரி. அவள் கை பிள்ளையின் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. "இவ கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

தங்கச்செல்வி யோசித்தாள். காரியாபட்டியில் கழற்றிய நாப்கின் காய்ந்துதான் இருந்தது. கவலையில் அதை அவள் கவனிக்கவில்லை. இப்போது கட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் காய்ந்திருந்தது.

"காலையில எந்திரிச்சப்ப?" என்றாள் கஸ்தூரி.

"லேசா ஈரம். ரொம்ப இல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் முதல் முறையாக, ஒரே பயத்தோடு பார்த்தார்கள்.

டாக்டரிடம் ஓடினார்கள். விரல் விஷயத்தையும் காய்ந்த நாப்கினையும் ஒன்றாகக் கொட்டினார்கள். டாக்டர் எழுந்துவிட்டார். பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமைக்குக் கீழே பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மேலே குழந்தைகள் பிரிவில் படுக்கை போடச் சொன்னார்.

"ரசத்தைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வர்ற மருந்து இருக்கு" என்றார். "அது சிறுநீரோடதான் வரணும். வேற வழி இல்ல. அதனால சிறுநீரகம் வேலை செய்யுதான்னு தெரியாம நான் அந்த மருந்தை ஆரம்பிக்க முடியாது. ஒரு வேளை பாட்டில் பால் சரியாக் குடிக்காததால உடம்பு காய்ஞ்சிருக்கலாம். அப்படி இருந்தா நல்லது."

"இல்லன்னா?" என்றாள் தங்கச்செல்வி.

"முதல்ல பால் கொடுங்க" என்றார் டாக்டர். "உங்க பாலை. நிறையக் கொடுங்க."

நர்ஸ் ஒருத்தி பிள்ளையின் தொடையிடுக்கைத் துடைத்து, சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டினாள். பிள்ளைகளுக்குச் சிறுநீர் பிடிக்கிற பை. உள்ளங்கை அகலம்கூட இல்லை.

தங்கச்செல்வி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளையை மார்பில் சேர்த்தாள். மறந்திருக்குமோ என்று பயந்தாள். பிள்ளை மறக்கவில்லை. மூச்சு முட்ட முட்டக் குடித்தது. நடுவில் நிறுத்தி, விட்டுவிடுவாளோ என்கிற மாதிரி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி குடித்தது. தங்கச்செல்வி சத்தமில்லாமல் அழுதாள். கஸ்தூரி கட்டில் ஓரத்தில் நின்று மறைப்பாகத் தன் சேலை முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கம் மாற்றியபோது, மருமகளின் கண்ணை அந்தச் சேலை முனையாலேயே துடைத்துவிட்டாள்.

குடித்து முடித்துப் பிள்ளை தூங்கிப்போனது. இரண்டு பேரும் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிள்ளை புரண்டால் இருவரும் குனிவார்கள். காய்ந்த பை. கஸ்தூரி குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். தங்கச்செல்விக்கு வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. பையை மட்டும் பார்த்தாள். ராம்குமார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே அப்பாவிடம் போனான்.

மதியத்துக்கு மேல் நர்ஸ் வந்தாள். பையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்த முறை தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல், வேகமாக நடந்து போனாள். டாக்டரைக் கூப்பிடத்தான் போகிறாள் என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

அப்போது கஸ்தூரியின் போன் அடித்தது. ராம்குமாரின் நம்பர். ஆனால் பேசியது அவன் இல்லை.

"கஸ்தூரி, பிள்ளை ஒண்ணுக்குப் போனாளா?"

குரல் வெளியே கேட்கிற அளவுக்கு இருந்தது. அருஞ்சுனையின் குரல்.

கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டு போனை மருமகளிடம் நீட்டினாள்.

தங்கச்செல்வி அதை வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போனது. தன் கேன் நிறைந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதரின் மூச்சு. தன்னைப் போலவே பயந்துபோய், தன்னைப் போலவே அந்த ஒரே ஒரு சேதிக்காகக் காத்திருக்கிற இன்னொருத்தர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாங்கினாள்.

"இன்னும் இல்ல, மாமா" என்றாள்.